தாய்மார் கூட்டத்தில் ஒரு தந்தை

பெற்றோர் கூட்டம் என்றுதான் அழைப்பில் எழுதியிருப்பார்கள். ஆனால் எங்கள் பாடசாலையில் நடந்ததெல்லாம் தாய்மார் கூட்டம். தந்தையருக்கும் ஆண்டில் ஒரு நாள் அழைப்பு வரும், அது சிரமதானத்துக்கு. புல் வெட்டவும், வடிகான் தோண்டவும், கூரைத் தகடு மாற்றவும் தந்தை வேண்டும். புள்ளி கேட்கவும், குறை கேட்கவும், பிள்ளைக்காகத் தலைகுனிந்து நிற்கவும் தாய் வேண்டும். இந்தப் பங்கீட்டை எவரும் எழுதிவைக்கவில்லை. எவரும் மீறவுமில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத அமர்ந்திருக்கிறேன். பிள்ளையின் கல்வியில் பெரும்பங்கு தாய்க்கா, தந்தைக்கா என்ற தலைப்பில் பலமுறை பட்டிமன்ற மேடையேறியிருக்கிறேன். தாயின் பக்கம் நின்று வென்றிருக்கிறேன். தந்தையின் பக்கம் நின்றும் வென்றிருக்கிறேன். இரு பக்கத்துக்கும் என்னிடம் எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆயினும் அவரை மட்டும் எந்தப் பக்கத்துக்கும் துணைக்கு அழைத்ததில்லை. அவர் வந்து நின்றால் என் வாதம் நேராகச் செல்லாது என்பதை நான் அறிவேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த அந்த நீண்ட காலத்தில் எனக்கு வீட்டில் இரண்டு பொறுப்புகள் தரப்பட்டிருந்தன. தரம் ஒன்றில் படித்த தம்பியை நண்பகலில் கூட்டி வருவது ஒன்று. அம்மாவுக்கு முடியாத நாள்களில் அவருக்குப் பதிலாகக் கூட்டத்துக்குப் போய் உட்காருவது மற்றொன்று. காலம் தாழ்ந்து பிறந்த தம்பி அவன். ஆகவே அந்தத் தாய்மார் நடுவே நான் வயதில் பாதித் தாயாகவே கணக்கில் கொள்ளப்பட்டேன்.

அவரை முதலில் கண்டது அப்படியொரு கூட்டத்தில். தரம் ஒன்றின் கதிரைகள் ஆறு வயது உடம்புக்காகச் செய்யப்பட்டவை. தாய்மார் பக்கவாட்டில் சாய்ந்து எப்படியோ சமாளித்துவிடுவார்கள். நெட்டையான அவருக்கோ முழங்கால்கள் நாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. முன்கைகளில் பழைய சூட்டுத் தழும்புகள். குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை அணிந்து வந்திருந்தார். ஆனாலும் அவரைச் சுற்றிப் பாணின் வாசனை இருந்தது. அம்பிட்டிய வீதியில் ஒரு பேக்கரியில் அவருக்கு வேலை. விடியுமுன் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று, பாண் ஏற்றிய வண்டிகள் புறப்பட்ட பிறகு பாடசாலைக்கு வருவார். மாலைப் பாணுக்குத் திரும்பிப் போவார்.

"அம்மாமார் எல்லாரும் கொஞ்சம் கவனிங்க," என்றார் வகுப்பு ஆசிரியை.

"சரிங்க டீச்சர்," என்றது ஒரு தடித்த குரல்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "அம்மாமாரும்... தனுஷிகா அப்பாவும் கவனிங்க," என்று திருத்திக்கொண்டார். அன்று தொடங்கி அந்த ஆண்டு முழுவதும் அறிவித்தல்கள் அப்படியே ஒலித்தன. பாடசாலை வாசலில் பெற்றோருக்குச் சொந்தப் பெயர் இல்லை; பிள்ளையின் பெயரோடு 'அம்மா' என்று ஒட்டினால் அதுவே பெயர். அந்த வரிசையில் இடம்பிடித்த ஒரே அப்பா அவர். அவருடைய உண்மைப் பெயரை நான் கேட்டறியவில்லை. கேட்க வேண்டும் என்று அங்கு ஒருவருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

"வீட்டுல மிஸிஸ் இல்லையோ?" என்று பக்கத்துக் கதிரைத் தாய் ஒருவர் தூண்டில் போட்டார்.

"இருக்காங்க. டவுன்ல புடவைக் கடையில நிக்கிறாங்க. வர ஏழு மணியாயிரும்."

"அப்ப சமையலும் நீங்கதானா?"

"பருப்பு வரைக்கும் வருவேங்க. மீன் அவங்க டிப்பார்ட்மென்ட்."

அவரைக் கேலிசெய்வது கடினம். கேலியை அவர் கேள்வியாக எடுத்துக்கொண்டு நேர்மையாகப் பதில் சொல்லிவிடுவார்.

நண்பகலில் தரம் ஒன்று கலையும்போது வாசலில் நிற்கும் தாய்மாரிடமிருந்து இரண்டே கேள்விகள் பறக்கும். சாப்பாட்டுப் பெட்டி காலியா? டீச்சர் ஸ்டார் போட்டாங்களா? அவர் கேட்பது வேறு. மகளின் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு என்ன பாத்தே பாப்பா?" என்பார். பிறகு வாயை மூடிக்கொள்வார்.

அந்த மௌனம் எத்தகையது என்பதை நான் விளக்கியாக வேண்டும். தனுஷிகா மெதுவாகப் பேசுகிற பிள்ளை. அவளுக்குத் திக்கல் இல்லை. சொல் தெரியாமலும் இல்லை. சந்தையில் தக்காளி பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு பஸ் பாடசாலை வீதியின் ஏற்றத்தை ஏறி முடித்துவிடும். மேடையில் வளர்ந்த எனக்கு இடைவெளி என்பது எதிரணிக்குக் கொடுக்கும் வாய்ப்பு. அவருக்கு அது பிள்ளையின் பேச்சில் ஒரு பகுதி.

"நத்தை," என்றாள் ஒருநாள். நானும் தம்பியும் அவர்களோடு இறங்கிக்கொண்டிருந்தோம்.

"ம்."

"ஒரு நத்தை... வகுப்புச் செவுத்துல..."

"ம்."

அவள் நின்றாள். அவரும் நின்றார். கண்டிக்குப் போகும் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசாத குறையாகக் கடந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏறிச்சு... பொறவு..."

"கீழ விழுந்து செத்துப்போச்சு!" என்று கத்தினான் என் தம்பி.

அவர் குனிந்து அவன் தலையைத் தொட்டார். "தம்பி, அது அவ நத்தை. ஒன்னோடது பொறவு வரும், இரு."

நத்தை சாகவில்லை. அது யன்னல் கம்பி வரைக்கும் ஏறி, வெயிலைப் பார்த்துவிட்டு, தன் ஓட்டு வீட்டுக்குள் போய்விட்டது. அதை அவள் சொல்லி முடித்தபோது நாங்கள் வீதி பிரியும் இடத்துக்கு வந்திருந்தோம். அவர் முகத்தில் ஒரு பெருங்கதையைக் கேட்டு முடித்த களைப்பும் நிறைவும் இருந்தன.

ஒருமுறை, படித்த பிள்ளை என்ற மிடுக்கோடு நானே அவரிடம் கேட்டேன். "தினமும் வாறீங்களே மாமா, வேற அப்பாமார் யாரும் வாறதில்லையே?"

"எங்கப்பாவும் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்காரு தங்கச்சி. ஒரே ஒரு தடவ."

அவர் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்த பாடசாலையைத்தான் சொன்னார்.

"எதுக்கு வந்தாரு?"

"என்னைய நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போக. கண்டியில பேக்கரியில ஆள் எடுக்கிறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எட்டாம் வகுப்பு வாசல்ல வந்து நிக்கிறாரு. எனக்குன்னா அவ்வளவு சந்தோசம். எங்கப்பா வந்திருக்காருடான்னு பக்கத்துல இருந்த பயகிட்டச் சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தந்தைமீது அவருக்குக் கோபம் இருந்ததாக அந்தச் சிரிப்பில் நான் காணவில்லை.

மாலைப் பாண் வாங்க நான் பேக்கரிக்குப் போவேன். கடையின் பின்பக்கத்தில், மா மூடைகளுக்கு அருகே ஒரு சிறிய மேசை. தாய் வேலையிலிருந்து வரும்வரைக்கும் தனுஷிகாவின் வீட்டுவேலை அங்கேதான் நடக்கும். எதிரே எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவர் அமர்ந்திருப்பார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்தியபடி இருப்பார்.

"ஏன் மாமா கைமேல உக்காந்திருக்கீங்க?"

"வெளிய விட்டாச் சும்மா இருக்காது தங்கச்சி. அழிக்கும், திருத்தும், கோடு போடும். அதான் பூட்டி வச்சிருக்கேன்."

அவள் எழுதிக்கொண்டிருந்த எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபக்கம் திரும்பியிருந்தது. அவர் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது; அது போறணைச் சூட்டினால் மட்டும் வந்ததன்று. "நல்லாருக்கா அப்பா?" என்று அவள் கேட்டபோதும், "நீ பாத்துச் சொல்லு," என்றார். அவள் பார்த்தாள். பாண் தட்டு ஒன்று வெளியே வந்தது, இன்னொன்று உள்ளே போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே அழிறப்பரை எடுத்தாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நொடியில் திருத்திவிடக்கூடிய எழுத்து. நான்கு ஆண்டுகள் போனால் புலமைப்பரிசில் பரீட்சை. இந்த வேகத்தில் இந்தப் பிள்ளை எங்கே போய்ச் சேரும்? இதை அன்பு என்று கொள்வதா, பிடிவாதம் என்று கொள்வதா? விடை கிடைக்காத கேள்வியோடு பாணைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன்.

காலை உணவு பரிமாறும் முறை அவருக்கு வந்த நாளிலும் இதுவே நடந்தது. முறை வருகிற தாய் பிள்ளைகளின் தட்டில் சோறும் பருப்பும் வைத்து, சிந்தாமல் ஊட்டி முடித்துவிட்டுப் போவார். அவர் சட்டியை நடுவில் வைத்து, அகப்பையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டார். "எடுத்துப் போட்டுக்கங்க. ஒருத்தருக்கொருத்தர் போட்டு விடுங்க." ஆசிரியை வந்து பார்த்தபோது தரம் ஒன்று பருப்பில் வழுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு துணியைப் பிழிந்து தரையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், ஒரு தட்டுகூடக் காலியா இல்ல, பாருங்க," என்று பெருமையாகச் சொன்னாராம். ஆசிரியைக்கு அந்தப் பெருமை விளங்கவில்லை.

மற்றத் தந்தையரை எள்ளி இவரை உயர்த்துவது என் நோக்கமன்று. என் தந்தையும் அன்பானவரே. சிரமதானத்தன்று ஒவ்வொரு தந்தையும் தம் பிள்ளையின் வகுப்பைக் கழுவ வேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார். அப்பா காலை முழுவதும் வாளிவாளியாகத் தண்ணீர் சுமந்து, யன்னலெல்லாம் துடைத்து, மேசைகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார், தரம் இரண்டை. தம்பி தரம் ஒன்றில் படிக்கிறான் என்பதை அவருக்குச் சொன்னது தனுஷிகாவின் அப்பாதான்.

"ஐயா, நம்ம புள்ளைங்க வகுப்பு அடுத்தது."

"அப்ப இது?"

"இது வேற யாரோட புள்ளைங்களோ. பரவாயில்லீங்க, அவங்களும் புள்ளைங்கதானே. வாங்க, நம்மதுல பாதி நான் கழுவிட்டேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தம்பியிடம் முதன்முறையாக, "உங்க டீச்சர் பேர் என்ன?" என்று கேட்டார். அம்மா கறி அகப்பையோடு திரும்பி நின்று அவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இனி, அந்த ஆண்டின் நோவுக்கு வருகிறேன்.

எங்கள் பாடசாலையில் வீட்டுவேலை என்பது பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா செய்வது. 'நமது வீடு' என்று ஒரு பொருள் செய்து வரச் சொன்னால், வெள்ளை ரெஜிபோம் அட்டையில் மாடிவீடுகள் வந்து இறங்கும். தம்பியின் வீட்டுக்கு உள்ளே சிறிய மின்குமிழ்கூட எரிந்தது. ஒட்டும் பசை சுட்டு அம்மாவின் விரலில் கொப்புளம். மறுநாள் அடுத்த வீட்டாரிடம், "எனக்கு ஸ்டார் கிடைச்சிச்சு," என்று சொல்லிவிட்டு, "மகனுக்கு," என்று திருத்தினார். தனுஷிகா கொண்டுவந்தது பேக்கரியின் பனிஸ் பெட்டியில் செய்த வீடு. சுவர் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஆசிரியை அதை அலுமாரித் தட்டின் கடைசியில் வைத்தார்.

இரண்டாம் தவணை முடிவில் கூட்டம் கலைந்தபின் ஆசிரியை அவரை நிறுத்தினார். அம்மாவுக்குப் பதிலாக வந்திருந்த நானும் வேறு சில தாய்மாரும் இன்னும் வகுப்பில்தான் இருந்தோம்.

"கோவிச்சுக்காதீங்க தனுஷிகா அப்பா. பிள்ளை ரொம்பப் பின்னால நிக்கிறா. டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு பாடசாலையில விசேட கல்வி அலகு இருக்கு. அடுத்த தவணை ஆசிரிய ஆலோசகர் வரும்போது நான் பேர் குடுக்கணும்."

அவர் அந்தச் சின்னக் கதிரையிலிருந்து எழுந்தார். "யாருக்குப் பின்னால, டீச்சர்?"

ஆசிரியை அலுமாரியிலிருந்தவற்றை மேசையில் பரப்பினார். மாடிவீடுகள், பூச்சாடிகள், நேர்த்தியாக வெட்டி ஒட்டிய படங்கள். "நீங்களே பாருங்க. இதெல்லாம் தரம் ஒன்றுப் பிள்ளைகளோட வேலைதானே?"

அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் பனிஸ் பெட்டி வீட்டை எடுத்து மற்றவற்றின் நடுவே வைத்தார்.

"இல்லீங்க டீச்சர். அதெல்லாம் அம்மாமார் செஞ்சது. புள்ள செஞ்சது இது ஒன்னுதான்."

எந்த மேடையிலும் கைதட்டல் பெற்றுத்தரக்கூடிய வாக்கியம் அது. அதைவிடச் சுருக்கமாகவும் கூர்மையாகவும் நான் இதுவரை ஒன்றைச் சொன்னதில்லை. ஆனால் மேடையில் எதிரணி ஒன்றுதான், அவையோர் வேறு. அந்த வகுப்பறையில் எதிரணியும் அவையும் நடுவரும் ஒரே ஆள்கள். ஒரே வாக்கியத்தில் அவர் அத்தனை பேரையும் இழந்தார்.

"எங்க புள்ளைங்களுக்குக் கையில்லைன்னு சொல்றீங்களோ?" என்றார் ஒருவர்.

"தன் மகள் மட்டும் பெரிய ஆளாம்," என்றார் மற்றவர்.

ஆசிரியையின் முகம் சிவந்துவிட்டது. அவர் கெட்டவர் அல்லர். முதல் நியமனம், தம் வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால் தம்மைத்தான் கேட்பார்கள் என்ற பயம். தாய்மாரின் கைவேலையைத் தினமும் பார்த்துப் பார்த்து, ஆறு வயதுப் பிள்ளையின் கை எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்திருந்தார். "எல்லா வீட்டுலயும்தான் உதவி செய்றாங்க," என்றார். "நீங்களும் செஞ்சா என்ன? ஆலோசகர் வாற அன்னைக்குக் கண்காட்சி வைக்கிறோம். மத்தப் பிள்ளைகள் மாதிரி ஒரு பொருளைக் கொண்டுவந்தா நான் எதுக்குப் பேர் குடுக்கப்போறேன்?"

விசேட கல்வி அலகு என்பது இழுக்கன்று. தேவையுள்ள பிள்ளைக்கு அது பெரும் துணை. ஆனால் தனுஷிகாவுக்குத் தேவைப்பட்டது நேரம் ஒன்றுதான். அந்தப் பாடசாலையோ இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. கடையில் நிற்கும் தாயால் அங்கே போக முடியாது. மாலைப் பாணுக்குத் திரும்ப வேண்டிய தந்தையாலும் முடியாது. அவள் இந்த வகுப்பிலிருந்து போனால், அவர் அவளுடைய நாளிலிருந்தும் போய்விடுவார்.

அதன்பின் வாசலில் தாய்மார் அவரோடு பேசுவதை நிறுத்தினர். அவர் நிழலில் வந்து நின்றால், பேச்சு வெயிலுக்கு இடம் மாறியது.

கண்காட்சிக்குக் களிமண்ணில் ஒரு விலங்கு செய்து வர வேண்டும். ஆசிரியை ஆளுக்கொரு உருண்டை கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் அம்மா உண்மையான மயிலிறகு தேடிக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு முந்திய நாள் மாலை நான் பாணுக்குப் போனபோது, பேக்கரியின் பின்மேசை அருகே தனுஷிகாவின் தாயும் நின்றிருந்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு, கடைச் சீருடைச் சேலையோடு நேராக வந்திருந்தார். மேசையில் மண் ஒரு நீண்ட மேடாகக் கிடந்தது. ஒரு முனையில் மெலிந்த துண்டு ஒன்று மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தகரத்தின்மேல் அவர், கைகள் தொடைக்கடியில்.

"இது என்னங்க? இதையா நாளைக்கு எடுத்துட்டுப் போவா?"

"அவ இன்னும் முடிக்கல."

"எப்ப முடிப்பா? அந்த ஐயா நாளைக்கு வாறாரு. ரெண்டு பஸ் ஏறி யாருங்க கூட்டிட்டுப் போறது? நீங்களா, நானா? ஒங்க பிடிவாதத்துக்கு எம்புள்ளதான் கெடச்சாளா?" அந்தத் தாய் மண்ணை அவர் பக்கம் தள்ளினார். "ஒரே ஒரு தடவங்க. ஊரே செய்யுது."

அவர் மகளைப் பார்த்தார். "பாப்பா, இது என்ன?"

"யானை," என்றாள். பிறகு, "இது வந்து... அன்னைக்கு..."

அவருடைய கைகள் வெளியே வந்தன.

"குடு பாப்பா. அப்பா கொஞ்சம் சரிபண்ணித் தாறேன்."

மாவைப் பிசைந்து பழகிய விரல்கள். நான் பாணை வாங்கிப் பையில் வைப்பதற்குள் நான்கு கால்கள் ஊன்றின, காதுகள் விரிந்தன, தும்பிக்கை உயர்ந்தது. பெரஹரா ஊர்வலத்தில் வரும் யானையின் கம்பீரம் அப்படியே இருந்தது. அந்தத் தாய் மூச்சை விட்டு, சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும் அழகு என்றே நினைத்தேன். தனுஷிகாவின் கைகள் மட்டும், மண் இருந்த இடத்தை இன்னும் பிடித்திருப்பதுபோல, மேசையின்மேல் வளைந்தபடியே இருந்தன.

மறுநாள் வகுப்பு யன்னல்கள் தோறும் தாய்மாரின் முகங்கள். அம்மாவின் அருகே நான். கடைசி யன்னலில் அவர். ஆசிரிய ஆலோசகர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு முதியவர். குழந்தைகளோடு குனிந்து பேசும் இயல்புடையவர். ஆனால் அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"இது ஆர் செய்தது? எப்பிடிச் செய்தனீங்கள், சொல்லுங்கோ பாப்பம்," என்று முதல் பிள்ளையிடம் கேட்டார்.

பிள்ளை யன்னலைப் பார்த்தது. யன்னலில் ஒரு தாயின் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. பிள்ளைக்கு அது பிடிபடவில்லை. அடுத்த பிள்ளையும் யன்னலைப் பார்த்தது. அதற்கடுத்ததும் பார்த்தது. என் தம்பியின் முறை வந்தபோது மட்டும் விடை கிடைத்தது.

"மயில் வடிவாயிருக்கே. எப்பிடிச் செய்தனீர் தம்பி?"

"நான் தூங்கிட்டேன் சேர். காலையில எழும்பினா மயில் இருந்திச்சு."

ஆலோசகர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவின் முகம் யன்னலிலிருந்து மறைந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது; மறுகணமே அடங்கிவிட்டது. அந்த வகுப்பில், தான் செய்ததைத் தானே விளக்கக்கூடிய பிள்ளை ஒன்றுதான். சாய்ந்த சுவர் ஏன் சாய்ந்தது என்று அவள் சொல்லியிருப்பாள். நத்தைக்கு நடந்ததைச் சொன்னவள் அவள். எல்லாப் பிள்ளைகளும் ஊமையாகி நின்ற அந்த ஒரு நாளில், அவள் கையிலும் வேறொருவர் செய்த யானை.

"இது என்ன பிள்ளை?"

"யானை."

"எப்பிடிச் செய்தனீர்?"

அவள் கடைசி யன்னலைப் பார்த்தாள். அவருடைய வாய் திறந்தது. உண்மையைச் சொல்லிவிடுவார் என்றே நான் எண்ணினேன். சொன்னால் இரண்டு பஸ் தூரம். வாய் மூடிக்கொண்டது. ஆலோசகர் சற்றுக் காத்திருந்தார்; அதிபர் தொண்டையைச் செருமினார்; "நல்லது, நல்லது," என்றவாறு இருவரும் நகர்ந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் கலையும்போது ஆசிரியை மலர்ந்த முகத்தோடு அவரிடம் வந்தார். "பாத்தீங்களா? இப்பத்தான் தனுஷிகா மத்தப் பிள்ளைகள் மாதிரி இருக்கா. பேர் குடுக்கிற கதையே இனி இல்ல."

"சரிங்க டீச்சர். ரொம்ப நன்றிங்க."

தாய்மாரும் அவருக்கு நிழலில் இடம் விட்டார்கள். "இப்பத்தான் தனுஷிகா அப்பா நம்ம கட்சிக்கு வந்திருக்காரு," என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளை அதே வகுப்பில், அதே வாசலில், அதே அப்பாவோடு இருப்பாள்.

அம்மா முன்னமே வீடு திரும்பியிருந்தார்; நாங்கள் நால்வரும் வீதியில் இறங்கினோம். யானையை அவள் இரு கைகளிலும் ஏந்தி நடந்தாள். அன்று அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவரே பேசிக்கொண்டு வந்தார். இனிப் பயமில்லை என்றார். அம்மா கேட்டால் எவ்வளவு சந்தோசப்படுவா என்றார். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய் ஐஸ்கிறீம் சாப்பிடுவோம் என்றார். அவர் இத்தனை சொற்களை ஒருசேரப் பேசி நான் கேட்டதில்லை.

"அப்பா."

"சொல்லு பாப்பா."

"என் யானை... நிக்கல."

அவர் நடையை நிறுத்தினார். தம்பி வாயைத் திறந்தான். நான் அதைக் கையால் பொத்தினேன்.

"அது... ஆத்துல படுத்திருந்திச்சு. ஒரு ஆளு... தேங்கா மட்டையால... தேச்சாரு. தண்ணிக்கு மேல... வயிறு மட்டும் தெரிஞ்சிச்சு. தும்பிக்கையும்... கொஞ்சூண்டு." யானையைச் சற்று உயர்த்திக் காட்டினாள். "இத நீங்க எழுப்பிட்டீங்க."

மகாவலியில் யானை குளிப்பதைக் காணாதவர் எங்கள் ஊரில் இல்லை. பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். நீருக்கு மேலே ஒரு கரும்பாறையின் முதுகும், மூச்சுக்காக நீட்டிய தும்பிக்கை நுனியும் தெரியும். பேக்கரி மேசையில் கிடந்த அந்த மேட்டையும், அதன் முனையில் நீட்டிக்கொண்டிருந்த மெலிந்த துண்டையும் நாங்கள் மூன்று பெரியவர்கள் பார்த்தோம். எங்கள் மூவருக்கும் அது மண்ணாகத்தான் தெரிந்தது.

அவர் பையை வீதியோரத்தில் இறக்கிவைத்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராக முழங்காலிட்டு அமர்ந்தார்.

"ஏன் பாப்பா அப்பாகிட்டச் சொல்லல?"

அவள் யோசித்தாள். பஸ் ஒன்று ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. அது கடந்து போகும்வரை பொறுத்திருந்தாள்.

"சொல்லிக்கிட்டுத்தானே அப்பா இருந்தேன்," என்றாள்.